பிரகாசம் சொன்ன அறிகுறிகள்

பிரகாசத்துக்குச் சிவப்பு வந்திருக்கிறது என்று நர்ஸ் சொன்னபோது அவருக்குப் பயம் வந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பயத்தின் முதுகில் ஏறிக்கொண்டு இன்னொன்றும் வந்தது. அதைப் பெருமை என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆயுள் முழுக்கத் தன் உடம்பைப் பற்றிச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன மனிதருக்கு, கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் காது கொடுத்திருக்கிறது. அந்த ஆறுதல் அது.

"சிவப்புன்னா இன்னா அர்த்தம்மா?" என்று கேட்டார்.

நர்ஸ் மடியில் இருந்த டேப்லெட்டை மூடிவைத்தாள். "பயப்படாதீங்க சார். உங்க வயசு, சாப்பிடற மாத்திரை, முன்னாடி ஆஸ்பத்திரியில இருந்தது, நீங்க சொல்ற தொந்தரவு எல்லாத்தையும் கம்ப்யூட்டர் சேர்த்துப் பார்க்கும். இன்னும் ஒரு மாசத்துக்குள்ள யாரெல்லாம் எமர்ஜென்சிக்கு வர வேண்டியிருக்கும்னு அது கணக்குப் போடும். வர வாய்ப்பு அதிகமா இருக்கறவங்களுக்கு சிவப்பு. இனிமே தினமும் காலையில போன் பண்ணி விசாரிப்போம். அவ்வளவுதான்."

பிரகாசம் சமையலறைப் பக்கம் திரும்பினார். "கேட்டியா ஆரோக்கியம்? நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இப்ப மிசினே சொல்லுது பார்."

"கேட்டுக்கினுதான் கீறேன்," என்றபடி ஆரோக்கியம்மாள் வந்து நர்ஸின் கையில் காப்பியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிரகாசம் சென்னை பாடியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூரைக்குக் கீழே தொங்கும் ஒரு கூண்டுக்குள், கீழே இரும்பு உருகிக் கொதிக்கும் வெக்கையும் புகையும் மேலேறி வர, தனியாக உட்கார்ந்து வேலை பார்த்தார். அப்படித் தனியாக உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு யோசிக்க நேரம் நிறைய. பிரகாசம் தன் உடம்பை யோசித்தார். இருமல் வந்தால் காசநோய். வாயு பிடித்தால் மாரடைப்பு. கழுத்து சுளுக்கினால் பக்கவாதத்தின் முதல் கட்டம். தொழிற்சாலையில் அவருக்கு ஆஸ்பத்திரி பிரகாசம் என்றே பெயர். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் இருந்த கம்பவுண்டர் அவர் தலையைக் கண்டதுமே, "இன்னிக்கு எந்த இடம் அண்ணாத்தே?" என்றுதான் ஆரம்பிப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிஜமாகவே நெஞ்சு வலி வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் நடுவே வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் வழக்கமான பிரகாசம்தானே என்று முழங்காலில் இருந்தவாறே செபத்தைத் தொடர்ந்தார்கள். பெண்கள் வரிசையிலிருந்து ஆரோக்கியம்மாள் மட்டும் எழுந்து ஓடிவந்தாள். அவர் சட்டைக் காலர் நனைந்திருந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் மகன் ரிச்சர்ட், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனை முதியோரை வீட்டில் வைத்தே கவனிக்கும் திட்டத்தில் அப்பாவைச் சேர்த்துவிட்டான்.

அம்மாவைச் சேர்க்கவில்லை. சேர்க்கத் தோன்றவும் இல்லை. ஆரோக்கியம்மாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியின் செக்கிங் பிரிவில் காலமெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்தவள். ரிச்சர்ட் பிறப்பதற்கு முதல் நாள் வரை வேலைக்குப் போனவள். காய்ச்சல் வந்தால் கஷாயம் குடித்துவிட்டுத் துணி துவைப்பாள். நோயாளியாக இருக்க அந்த வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் பிரகாசம் உட்கார்ந்திருந்தார்.

அயனம்பாக்கம் ஏரிக்குப் பின்னால், பஸ் வராத காலத்தில் வாங்கிப்போட்ட மனையில் அவர்கள் கட்டிய வீடு அது. இரண்டு அறை, ஒரு கொய்யா மரம். ரிச்சர்ட் மனைவி ரெனிதாவோடு பூந்தமல்லியில் அடுக்குமாடியில் இருந்தான். அந்த வருஷம் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. தெருவில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் வெட்டிப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதில் செம்மண் தண்ணீர் நிரம்பி நின்றது. ஒவ்வொரு வாசலுக்கு எதிரிலும் ஒரு பலகை. அதில் நடந்துதான் வெளியே போக வேண்டும்.

தினமும் காலையில் மருத்துவமனையிலிருந்து சுரேகா என்ற பெண் போன் செய்தாள். கேள்விகள் எப்போதும் ஒன்றுதான். படுத்தால் மூச்சு வாங்குகிறதா? எத்தனை தலையணை வைத்துக்கொள்கிறீர்கள்? கால் வீங்கியிருக்கிறதா? நடக்கும்போது நின்று நின்று போகிறீர்களா? நெஞ்சில் அழுத்தம் உண்டா? பிரகாசத்துக்கு அது நாளின் நல்ல நேரம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொல்வார். இடது குதிகாலில் ஊசி குத்துவது, ஏப்பம் வரும்போது காது அடைப்பது என்று எல்லாம் சொல்வார். சுரேகா பொறுமையாகப் பதிந்துகொள்வாள். சிவப்பு சிவப்பாகவே நின்றது.

ஒரு காலை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. "கால் வீக்கம் இருக்கா சார்?" என்று சுரேகா கேட்டாள். பிரகாசம் குனிந்து தன் காலைப் பார்த்தார். காய்ந்த முருங்கைக் குச்சி மாதிரி இருந்தது. வருத்தத்தோடு தலையை நிமிர்த்தினார். சமையலறை வாசலில் ஆரோக்கியம்மாள் நின்றிருந்தாள். குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போட்டிருப்பாள். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் கை வைத்து நின்றாள். கழற்றின காலில் செருப்பு வார் இருந்த இடம் வாய்க்கால் வெட்டினதுபோல் பள்ளமாக இருந்தது. இரு பக்கமும் சதை பொதபொதவென்று உப்பியிருந்தது.

"சார்? எத்தனை தலகாணி வச்சுக்கறீங்க?"

தலையணை. முந்தாநாள் விடியலில் அவர் விழித்தபோது அவள் படுக்கையில் இல்லை. முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கொசு என்று காரணம் சொன்னாள்.

"ஒண்ணுதாம்மா," என்றார்.

"நடக்கும்போது?"

"ஒண்ணும் இல்ல."

"இன்னைக்கு ரொம்பச் சுருக்கமா பேசறீங்களே சார்," என்று சுரேகா சிரித்தாள்.

அன்றிலிருந்து அவர் பார்க்க ஆரம்பித்தார். பார்க்கப் பார்க்க, தினமும் காலையில் தன்னிடம் கேட்கப்படுகிற ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தன் வீட்டுக்குள்ளேயே சேலை கட்டிக்கொண்டு நடமாடுவது தெரிந்தது. தொட்டியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் கொய்யா மரத்தடியில் நின்றாள், துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள், படியில் மறுபடி நின்றாள். சாயங்காலம் செபமாலை சொல்லும்போது மங்கள வார்த்தை செபத்தின் முதல் பாதியை அவள் சொல்வதும் மறுபாதியை அவர் சொல்வதும் கல்யாணமான நாளிலிருந்து வழக்கம். இப்போது அவளுக்குப் பாதி வாக்கியத்தில் மூச்சு அறுந்தது. "நீங்களே முன்னாடி சொல்லுங்க, எனக்குத் தொண்டை கட்டிக்கினு கீது," என்றாள். அவர் முதல் பாதியைச் சொன்னார். மறுபாதிக்கு அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

செபம் முடிந்ததும் கேட்டார். "ஆரோக்கியம், காலக் காட்டு."

"இன்னாத்துக்கு?"

"காட்டுன்றேன்ல."

அவள் சேலையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள். "இத்தினி வயசுக்கு மேல என் கால பார்த்து இன்னா பண்ணப் போறீங்க?"

"அந்தப் பொண்ணு என்னக் கேக்குற கேள்வி எல்லாம் உனக்குத்தான் பொருந்துது. எனக்கு வந்தப்ப நீ கண்டுபுடிச்ச இல்ல? இப்ப நான் கண்டுபுடிச்சிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

"உங்களுக்குப் போட்டு மிச்சம் ஆன சீக்க என் தலையில கட்டாதீங்க," என்றாள். மூச்சைச் சேர்த்துக்கொள்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. "ரிச்சர்ட் கையில மட்டும் வாயத் தொறந்துடாதீங்க."

"ஏன்?"

"மறந்துட்டீங்களா? ஆடி மாசம் அவன் நம்மள இஸ்துக்கினு போய்க் காட்டுனானே."

மறக்கவில்லை. திருமழிசையைத் தாண்டி உள்ளே போகும் சாலையில் ஒரு முதியோர் இல்லம். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் ரிச்சர்ட் காரில் அழைத்துப்போனான். சுத்தமான இடம். வரிசையாகக் கட்டில்கள். கூடத்தில் டிவி ஓடியது. அவர்கள் உள்ளே நுழைந்ததும் டிவி பார்த்துக்கொண்டிருந்த எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. யாரும் சிரிக்கவில்லை. புதிதாக வருகிறவர்களை எடைபோடுகிற பார்வை. திரும்பி வரும்போது காரில் ஆரோக்கியம்மாள் வீட்டுச் சாவியைக் கைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"ஒருத்தர் படுத்தா இன்னொருத்தர் பார்த்துக்கலாம்," என்றாள் இப்போது. "ரெண்டு பேரும் படுத்தா அவன் இன்னா பண்ணுவான்? ஊட்டப் பூட்டிடுவான். நான் அவனக் குத்தம் சொல்லல. அவனுக்கு வேற வழி கிடையாது. மழை நிக்கட்டும். இந்தக் குளிரு போச்சின்னா எனக்குச் சரியாப் பூடும். மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்தார்.

மழை நிற்கவில்லை. பிரகாசம் சத்தியத்தை மீறாமல் சுற்றிப் போகும் வழிகளைத் தேடினார். சுரேகாவிடம் கேட்டார்: "ஏம்மா, என் சம்சாரத்தையும் ரெண்டு வார்த்தை விசாரிக்கக் கூடாதா?"

"அம்மா நம்ம திட்டத்துல இல்லையே சார்."

"எனக்குப் போடற கணக்குல அவ இல்லியா?"

சுரேகா எதையோ தட்டிப் பார்த்தாள். "இருக்காங்க சார். கூட இருந்து பார்த்துக்க ஆள் உண்டான்னு ஒரு கேள்வி வரும். உண்டுன்னு போட்டிருக்கு. அது அம்மாதானே? அவங்க இருக்கறது உங்களுக்கு நல்லது சார், அதனால உங்க ரிஸ்க் மார்க் கொஞ்சம் குறைஞ்சுதான் வந்திருக்கு. அவங்களையும் சேர்க்கணும்னா உங்க பையன் போன் பண்ணிச் சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை ரிச்சர்ட் வந்தான். ஆரோக்கியம்மாள் வஞ்சிர மீன் குழம்பு வைத்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்று பரிமாறினாள். கால் தெரியாதபடி சேலையை இறக்கிக் கட்டியிருந்தாள். பிரகாசம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உங்கம்மாவையும் ஒரு டாக்டர் பார்த்தா தேவலடா," என்றார்.

ரிச்சர்ட் சிரித்துவிட்டான். "உங்களுக்கு வந்த வியாதியெல்லாம் போதாதுன்னு அம்மாவுக்கும் பங்கு தர்றீங்களாப்பா? ஏம்மா, உனக்கு ஏதாவது பண்ணுதா?"

"எனக்கு இன்னாடா? நல்லாத்தான் கீறேன்."

"கேட்டீங்களாப்பா?"

பிரகாசம் மகனின் முகத்தைப் பார்த்தார். கெட்டவன் இல்லை. சின்ன வயதிலிருந்து அப்பாவின் காசநோய்களையும் பக்கவாதங்களையும் கேட்டு வளர்ந்தவன். இப்போது திடீரென்று நம்பு என்றால் எதை வைத்து நம்புவான்? ஆரோக்கியம்மாள் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் வர வெகு நேரம் ஆனது. ரிச்சர்ட் அதைக் கவனிக்கவில்லை.

அதற்கு இரண்டொரு நாள் கழித்துத்தான் அந்தக் காலை வந்தது. பால் வாங்கப் பலகை தாண்டிப் போய்வந்த ஆரோக்கியம்மாள், பாலை அடுப்பில் வைக்கவில்லை. பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறைத் தரையில், கேஸ் சிலிண்டரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவர் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். முகம் ஈரச் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. தொண்டைக் குழிக்குக் கீழே கையை வைத்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது.

பிரகாசம் ஸ்பீக்கரில் போடவில்லை. காதோடு வைத்துக்கொண்டு, கதவிடுக்கு வழியாக அவளைப் பார்த்தபடியே பேசினார்.

"மூச்சு வாங்குதா சார்?"

"வாங்குதும்மா. படுக்கவே முடியல. உக்காந்துகினுதான் தூக்கம்."

சுரேகாவின் குரல் மாறியது. "கால் வீக்கம்?"

"ரெண்டு காலும். அழுத்துனா குழி விழுவுது."

"நெஞ்சு வலி இருக்கா?"

அவர் அவள் கையைப் பார்த்தார். அது தேய்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தார். "தொண்டைக்குக் கீழ அமுக்கற மாதிரி கீது. வேர்த்து ஊத்துது."

"எத்தனை நாளா சார் இப்படி?"

"கொஞ்ச நாளாவே."

"ஏன் சார் சொல்லல? நீங்க எல்லாத்தையும் சொல்றவராச்சே."

"சொன்னா இஸ்துக்கினு பூடுவாங்கன்னு பயம்மா," என்றார் பிரகாசம். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. அது பொய்க்காக உடைந்த குரல் இல்லை.

"லைன்லயே இருங்க சார்."

அவர் போட்ட கணக்கு இதுதான். போன தடவை அவர் படபடப்பு என்று சொன்னபோது நர்ஸ் ஈசிஜி பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். இன்றைக்கும் வருவாள். வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, ஆரோக்கியம்மாளைக் கட்டிலில் படுக்கவைத்து, இவளுக்குப் போடு என்று சொல்லிவிடலாம். ரிச்சர்டிடம் சொன்ன மாதிரியும் ஆகாது, சத்தியமும் கெடாது.

நர்ஸ் வரவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், தெருமுனையில் நின்று கத்தியது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு பலகை வழியாக வந்தார்கள்.

"எனக்கு இல்லப்பா," என்றார் பிரகாசம். "தோ, உள்ள கீறாங்க பார், அவங்களுக்கு. அவங்களப் பாரு."

வந்தவன் அவர் விரலில் கருவியை மாட்டிக்கொண்டே, "பேசாம படுங்க ஐயா, மூச்சு இழுக்கும். பேஷன்ட் பேரு பிரகாசம்தானே?" என்றான்.

ஆரோக்கியம்மாள் ஓடினாள். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, பழைய ஆரோக்கியம்மாளாக ஓடினாள். அவருடைய மருத்துவக் கோப்பு, மாத்திரை டப்பா, மாற்று வேட்டி, வெந்நீர் பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டாள். "சொல்லவே இல்லியே, எனக்குச் சொல்லவே இல்லியே நீங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை குறைந்தது.

"ஆரோக்கியம், நான் பொய் சொன்னேன். எனக்கு ஒண்ணும் இல்ல. நீ வா, நீ படு இதுல."

"அவரு அப்படித்தான் பேசுவாரு," என்றாள் அவள், வந்தவர்களிடம். "நீங்க தூக்கிக்கினு போங்கப்பா. ஆஸ்பத்திரின்னா இப்பல்லாம் அவருக்குப் பயம்."

பலகையைத் தாண்டிப் பின்னாலேயே வந்து பையைக் கொடுத்தாள். ரிச்சர்டுக்குச் சொல்லியாகிவிட்டது, நேராக ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்றான் டிரைவர். "வீட்டப் பூட்டிட்டு ஆட்டோல வரேன்," என்றாள் ஆரோக்கியம்மாள். கதவைச் சாத்தினார்கள். பின்பக்கக் கண்ணாடியில் மழைத்துளிகளுக்கு நடுவே அவள் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கையாட்டவில்லை. கம்பத்தை விட்டால் கையாட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது. அவள் விடவில்லை.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அவர் நெஞ்செல்லாம் ஒயர் ஒட்டினார்கள். கௌதம் என்ற இளம் டாக்டர் ஈசிஜி தாளைப் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார், முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "ஐயா, எல்லாம் நல்லா இருக்கு. கால்ல வீக்கமே இல்லையே. போன்ல வேற மாதிரி சொல்லியிருக்கீங்களே?"

"எனக்கு இல்ல டாக்டர். என் சம்சாரத்துக்கு. அவ தனியா கீறா."

டாக்டர் ரிச்சர்டைத் திரைக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போனார். வயசானவர்களுக்குச் சில சமயம் உப்பு குறைந்தால் இப்படிக் குழப்பம் வரும், ரத்தம் அனுப்பியிருக்கிறோம், சிவப்பில் இருக்கிறவர் என்பதால் ஒருநாள் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்வது பிரகாசத்துக்குக் கேட்டது. குழப்பம் என்ற சொல் நன்றாகக் கேட்டது.

ரிச்சர்ட் திரும்பி வந்தான். "அம்மாவுக்குப் போன் பண்ணினியா?" என்று கேட்டார்.

"அடிக்குது, எடுக்கல. ஆட்டோவுல வந்துட்டிருப்பாங்க. சத்தத்துல கேட்டிருக்காது."

"மறுபடி பண்ணு."

மறுபடி அடித்தான். எடுக்கவில்லை. மழையில் ஆட்டோ கிடைத்திருக்காது என்றான். பிரகாசம் எழுந்து உட்கார்ந்து ஒயரைப் பிடுங்கினார். இயந்திரம் கீச்சிட்டது. ஒரு நர்ஸ் ஓடிவந்து அவரைத் தோளைப் பிடித்துப் படுக்க வைத்து, "ஐயாவைக் கொஞ்சம் பார்த்துக்கங்க சார், இல்லன்னா கையக் கட்ட வேண்டியிருக்கும்," என்று ரிச்சர்டிடம் சொன்னாள்.

கத்தினால் கட்டுவார்கள் என்று புரிந்தது. பிரகாசம் கத்துவதை நிறுத்தினார். மகனின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"ரிச்சர்டு, நான் சொல்றத கேளு. நீ பொறந்ததுலேந்து எனக்கு அது கீது, இது கீதுன்னு சொல்லிக்கினே இருந்திருக்கேன். எனக்கு நல்லா கீதுன்னு என் வாயால எப்பனா சொல்லி நீ கேட்டிருக்கியா?"

ரிச்சர்ட் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"இப்ப சொல்றேன். எனக்கு ஒண்ணுமே இல்ல. நெஞ்சு நல்லா கீது. மூச்சு நல்லா கீது. போன்ல சொன்னது எல்லாம் உங்கம்மாவப் பார்த்துப் பார்த்துச் சொன்னது. பக்கத்து ஊட்டுக்குப் போன் பண்ணு."

ரிச்சர்டின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது தெரிந்தது. போனை எடுத்துப் பக்கத்து வீட்டு வடிவை அழைத்தான்.

வடிவு அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காலத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம், இப்போது வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறது. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். ஆரோக்கியம்மாள் வீட்டைப் பூட்டியிருந்தாள். கேட்டுக்கு உள்பக்கம், ஈரப் படியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சாவி கைக்குள் இருந்தது. பக்கத்தில் போன் ஒளிர்ந்து ஒளிர்ந்து அடங்கியது. உதடு நாவல்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது. மூச்சு உள்ளே போகும்போது கொதிக்கிற பானை மாதிரி சத்தம் வந்தது.

"யக்கா," என்று வடிவு தோளைத் தொட்டாள். ஆரோக்கியம்மாள் கண்ணைத் திறந்து, "ஆட்டோ," என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

வடிவின் மகன் ஜெகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, அம்மாவும் மகனுமாகத் தூக்கிப் பலகையைத் தாண்டினார்கள். லோடு ஆட்டோவின் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நாற்காலியோடு ஏற்றி, வடிவு கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கவில்லை.

அவசரப் பிரிவின் வாசல் கதவு திறந்து அந்த நாற்காலி உள்ளே வந்ததைப் பிரகாசம் தன் கட்டிலிலிருந்தே பார்த்தார். எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். திரையை இழுத்தார்கள். திரைக்குக் கீழே அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. செருப்பு இல்லை. அவர் தனக்குத் தெரிந்த செபம் எல்லாவற்றையும் இரண்டு பாதியும் சேர்த்துச் சொன்னார்.

பிழைத்துக்கொண்டாள். நுரையீரல் முழுக்க நீர் என்றார்கள். ஐப்பசிக்கு முன்னாலேயே எப்போதோ ஒருமுறை மாரடைப்பு வந்திருக்க வேண்டும், அதைக் கவனிக்காமல் விட்டதில் இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்றார் டாக்டர் கௌதம். சொல்லும்போது அவர் பிரகாசத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் சக்கர நாற்காலியில் பிரகாசத்தை அவளிடம் அழைத்துப்போனார்கள். அவள் முகத்தில் ஆக்சிஜன் முகமூடி வைத்திருந்தார்கள். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவள் பயந்தது நடந்தது. பயந்த அளவுக்கு நடக்கவில்லை, அவ்வளவுதான். ரிச்சர்ட் அவர்களை இல்லத்துக்கு அனுப்பவில்லை. பூந்தமல்லியில் மூன்றாம் மாடியில் தன் வீட்டிலேயே ஓர் அறையைக் காலி செய்து கொடுத்தான். அயனம்பாக்கம் வீட்டைப் பூட்டிச் சாவியை வடிவிடம் கொடுத்தார்கள். தை மாதம் அதில் ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தது. ரெனிதா நல்ல பெண், உப்பில்லாமல் தனியாகச் சமைத்துப் போட்டாள். ஆரோக்கியம்மாள் பிரகாசத்தோடு பேச ஆரம்பிக்கச் சில வாரம் ஆனது. முதலில் பேசியது மாத்திரையைப் பற்றி. சத்தியத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அவளையும் திட்டத்தில் சேர்த்தார்கள். அவளுக்குச் சிவப்பு. காலையில் சுரேகாவின் போன் இப்போது அவளுக்குத்தான். அவள் எல்லாவற்றுக்கும், "நல்லாத்தாம்மா கீறேன்," என்பாள். உடனே பிரகாசம் போனைப் பிடுங்கி, நேற்று எங்கே நின்றாள், எத்தனை தலையணை, எந்தக் கால் என்று ஒன்றுவிடாமல் சொல்வார். அவள் முறைப்பாள். அவர் சொல்லி முடிப்பார்.

"உங்களுக்கு எப்படி சார் இருக்கு?" என்று சுரேகா கடைசியில் கேட்பாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

மாசி மாதம் ஒருநாள் சுரேகா சந்தோஷமாகச் சொன்னாள். "சார், நீங்க பச்சைக்கு வந்துட்டீங்க. டெஸ்ட் எல்லாம் நார்மல், தொந்தரவும் எதுவும் நீங்க சொல்லல. இனிமே உங்களுக்கு மாசத்துக்கு ஒரு போன்தான்."

"சரிம்மா," என்றார்.

அன்று சாயங்காலம் மின்சாரம் இல்லை. லிஃப்ட் நின்றுவிட்டது. பிரகாசம் கீழே மருந்துக் கடையில் ஆரோக்கியம்மாளுக்கு நீர் பிரியப் போடும் மாத்திரையை வாங்கிக்கொண்டு படியேறினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அது வந்தது. நெஞ்சின் நடுவில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவது போல. இது முதல் தடவை இல்லை. பொங்கலுக்குப் பிறகு அடிக்கடி வருகிறது. முன்பெல்லாம் வந்த வாயுவும் சுளுக்கும் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இது அப்படி இல்லை. தாடை வரைக்கும் ஏறியது. சட்டைக் காலர் நனைந்தது.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொன்னால் ஆம்புலன்ஸ் வரும். தூக்கிக்கொண்டு போவார்கள். ஆரோக்கியம்மாள் அந்தப் பாதி இதயத்தோடு எழுந்து ஓடுவாள், பை எடுத்து வைப்பாள்.

மேலிருந்து ரெனிதா எட்டிப் பார்த்தாள். "மாமா? ஏன் அங்கயே நின்னுட்டீங்க?"

வெளியே நெடுஞ்சாலைக்கு மேல் மெட்ரோ பாலம் நீளமாகப் போனது.

"ஒண்ணும் இல்லம்மா," என்றார் பிரகாசம், மூச்சைச் சேர்த்துக்கொண்டு. "ரயிலு வருதான்னு பார்த்துக்கினு கீறேன். நீ உள்ள போ. தோ வரேன்."

அவள் உள்ளே போனாள். அவர் மாத்திரைப் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, அடுத்த படியில் காலை வைத்தார்.